பணக்கார ஊரில் பள்ளிகளை மூடுவது ஏன்?

டல்லாஸ் பக்கம் வேலை கிடைத்து வருகிற தமிழ்க் குடும்பம் வீடு பார்க்கத் தொடங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" என்பது. அதற்கு நம்மவர்கள் வெகுகாலமாகத் தயங்காமல் சொல்லிவந்த பெயர்களில் ஒன்று பிளேனோ. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017-இல் கொண்டுவந்து வைத்த புறநகர் அது. அந்த ஊரின் பள்ளி வாரியம் 2024 ஜூனில் கூடி, நான்கு பள்ளிகளை மூடுவதென்று வாக்களித்தது. டேவிஸ், ஃபோர்மன் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகள். ஆம்ஸ்ட்ராங், கார்பென்டர் என்ற இரண்டு நடுநிலைப் பள்ளிகள். 2024-25 கல்வியாண்டோடு நான்கும் மூடப்பட்டன.

வீட்டு விலை ஏறியிருக்கிறது. வரியும் குறைந்தபாடில்லை. அப்புறம் பள்ளியை எதற்கு மூடுகிறார்கள், பணமெல்லாம் எங்கே போகிறது? பெற்றோர்கள் கோபமாகவே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

நமக்கு மாவட்டம் என்றதும் கலெக்டரும், முதன்மைக் கல்வி அலுவலரும், எல்லாருக்கும் மேலே கோட்டையும் நினைவுக்கு வரும். டெக்சாஸின் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்டதல்ல. பள்ளிகளை நடத்துவதற்காக மட்டுமே ஏற்பட்ட தனி உள்ளாட்சி அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய மாவட்டங்கள் அந்த மாநிலத்தில் உண்டு. பெரும்பாலானவற்றின் பெயரில் 'இண்டிபென்டென்ட்' என்ற சொல் இருக்கும். மக்கள் சுருக்கமாக ஐ.எஸ்.டி. என்பார்கள். நகர மேயருக்கும் நகர மன்றத்துக்கும் இதில் அதிகாரம் கிடையாது. எல்லைகூடத் தனி. பிளேனோ ஐ.எஸ்.டி.க்குள் ரிச்சர்ட்சன், மர்ஃபி, ஆலன், டல்லாஸ் நகரங்களின் சில பகுதிகள் வருகின்றன. பிளேனோ நகரத்திலேயே சில தெருக்கள் ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், ஆலன் ஐ.எஸ்.டி.களைச் சேர்ந்தவை. முகவரியில் பிளேனோ என்று இருப்பதை நம்பி வீடு வாங்கிவிட்டு, பள்ளியில் சேர்க்கப் போகும்போது விழிக்கிறவர்கள் உண்டு.

மேலே ஏழு பேர் கொண்ட வாரியம். மே மாதத் தேர்தலில் ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த ஏழு பேருக்கும் சம்பளம் கிடையாது. வாரிய உறுப்பினர் ஊதியமில்லாமல்தான் பணிசெய்ய வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வந்து, கோடிக்கணக்கான டாலர் வரவுசெலவுக்குக் கையெழுத்திடுகிறவர்கள் இவர்கள். சூப்பரின்டெண்டென்டை வேலைக்கு எடுப்பதும் விலக்குவதும் இவர்கள் கையில். பிளேனோவில் 2022 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் தெரசா வில்லியம்ஸ். ஆசிரியர் நியமனம், பாடவேளை, பேருந்து, மதிய உணவு என்று அன்றாட நிர்வாகம் முழுக்க அவரைச் சேரும். கொள்கை, வரவுசெலவு, வரிவிகிதம், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்கிற எல்லைக்கோடு ஆகியவை வாரியத்துடையவை.

வரியைச் சொன்னேன் அல்லவா, அதைப் பார்ப்போம். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கு ஈடாகச் சொத்து வரி கனமாக விழும்; அதில் பெரும்பங்கு பள்ளிக்குத்தான். பிளேனோ இருக்கும் காலின் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகம் உங்கள் வீட்டுக்கு 5,00,000 டாலர் என்று விலை போட்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்களே குடியிருக்கும் வீடானால் பள்ளி வரியில் 1,40,000 டாலருக்கு விலக்கு உண்டு; 2023-இல் ஒரு லட்சமாக இருந்ததை 2025 நவம்பரில் வாக்காளர்கள் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். மீதி 3,60,000. கணக்குக்கு வசதியாக நூறு டாலருக்கு ஒரு டாலர் வரி என்றால் 3,600 டாலர். ஜனவரி 31-க்குள் கட்டிவிட வேண்டும்.

அந்த 3,600 ஒரே பையில் விழுவதில்லை. ஒரு பகுதி பராமரிப்பு, நடப்புச் செலவு: சம்பளம், மின்சாரம், புத்தகம். இன்னொரு பகுதி கடன் அடைப்பு: கட்டடம் கட்ட வாங்கிய கடனுக்கான அசலும் வட்டியும். முதல் பையிலிருந்துதான் மாநிலம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பை முழுவதும் ஊருக்கே. டெக்சாஸ் புறநகர்களில் பளபளப்பான விளையாட்டரங்கத்தையும் ஆள் பற்றாத வகுப்பறையையும் ஒரே மாவட்டத்தில் பார்க்க நேர்வதற்குக் காரணம் இதுதான். பக்கத்து ஊரான ஆலனில் 2012-இல் திறந்த பள்ளிக் கால்பந்து அரங்கம் ஏறத்தாழ 6 கோடி டாலரில், 18,000 பேர் உட்காரும் அளவில் கட்டப்பட்டது. இரண்டே ஆண்டில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குத் திருப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். சட்டம் விடாது. கடன் பத்திரத்தில் திரட்டிய பணம் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டும்தான்.

முதல் பையிலிருந்து மாநிலம் ஏன் எடுக்கிறது? பிளேனோ பெற்றோர் பலருக்கு எரிச்சல் மூட்டும் இடம் இது. ஆனால் இதன் வேர் நியாயமானது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்படுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

தெற்கே சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மெக்சிகோ வழிவந்தவர்கள். 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் போனார்கள். உடைந்த ஜன்னல்கள், பாழடைந்த கழிப்பறைகள், தகுதிபெற்ற ஆசிரியர் இல்லாத வகுப்புகள் ஆகியவை அவர்களின் குறைகள். அதே ஊரில் ஆலமோ ஹைட்ஸ் என்று வசதியான இன்னொரு மாவட்டம். எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி போட்டுக்கொண்டார்கள். அந்த வட்டாரத்திலேயே மிக அதிகம். அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட்தான். மாணவருக்குக் கிடைத்தது 333 டாலர். நிலத்தின் விலை அப்படி. ஏழை அதிக விகிதத்தில் கட்டுகிறான். அவன் பிள்ளைக்குக் கிடைப்பதோ பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை பார்த்த டிமேட்ரியோ ரொட்ரீகஸ் என்ற தகப்பன் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1973 மார்ச்சில் 5-4 என்ற கணக்கில் தோற்றது. கல்வி என்பது கூட்டாட்சி அரசியல் சட்டம் உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், முன்பு ரிச்மண்ட் நகரப் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர். அதோடு விடவில்லை அந்த மக்கள். மாநில அரசியல் சட்டத்தை வைத்துப் புதிதாக ஒரு வழக்கு எழுந்தது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, இந்தப் பணப் பங்கீடு செல்லாது என்றார்கள். சட்டமன்றம் திருத்திக் கொண்டுவந்தவற்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை; கடைசியில் 1993-இல் வந்த சட்டம்தான் நின்றது. சொத்து நிறைந்த மாவட்டம் தன் வரியில் ஒரு பங்கை மாநிலத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஊர் வாயில் அதற்கு ராபின் ஹூட் சட்டம் என்று பெயர் விழுந்தது.

இன்றைய கணக்கு இப்படி ஓடுகிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பாத்திரம். அதன் கொள்ளளவைத் தீர்மானிப்பது ஆஸ்டினில் உள்ள சட்டமன்றம்: ஒரு மாணவருக்கு இவ்வளவு என்ற அடிப்படைத் தொகை, வறிய குடும்பத்துப் பிள்ளை, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் அதற்குமேல் சேர்மானம். பாத்திரத்தை முதலில் ஊர்க் கிணற்றிலிருந்து, அதாவது உள்ளூர் சொத்து வரியிலிருந்து நிரப்ப வேண்டும். போதவில்லை என்றால் மாநிலம் ஊற்றும். வழிந்தால் வழிந்தது மாநிலத்துக்கு. பிளேனோ பல ஆண்டுகளில் 10 கோடி டாலருக்கும் மேல் இப்படிக் கொடுத்திருக்கிறது.

ஆக, உங்கள் வீட்டு விலை ஏறினாலும் பாத்திரம் பெரிதாகாது. ஊர் வரி கூடக்கூட மாநிலம் தன் கையிலிருந்து ஊற்றுவது குறையும், அல்லது வழிவது கூடும். வகுப்பறைக்கு வந்து சேரும் டாலர் அப்படியே இருக்கும். அந்த அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலர் என்று வைக்கப்பட்டது. விலைவாசி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியும் 2025 வரை அது அசையவில்லை. 2025-இல் ஹவுஸ் பில் 2 என்ற சட்டம் அதில் 55 டாலர் சேர்த்தது. கூடவே பெரிய மாவட்டங்களில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 2,500 டாலர், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 5,000 டாலர் சம்பள உயர்வு என்றும் எழுதிவைத்தது. ஆசிரியர்களுக்கு நல்லதுதான். ஆனால் யாருக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைக்கூட ஊர் வாரியத்திடம் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்ஜ்வுட் பிள்ளைக்காக ஏற்பட்ட ஏற்பாட்டை, மாநிலம் தன் சொந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளவும் பயன்படுத்திக்கொண்டது. என் மனத்தாங்கல் அங்கேதான். பிளேனோ கொடுக்க நேர்வதில் அல்ல.

வீட்டு விலையால் பாத்திரம் பெரிதாகாது என்றால் எதனால் பெரிதாகும்? பிள்ளைகளால். அதுவும் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது; டெக்சாஸ் பணம் கொடுப்பது சராசரி தினசரி வருகைக்கு. நாளில் குறித்த ஒரு நேரத்தில் எடுக்கும் வருகைப்பதிவில் பிள்ளை இருக்க வேண்டும். அடிப்படைத் தொகையைப் பள்ளி நாட்களால் வகுத்துப் பாருங்கள்: ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் மாவட்டம் ஏறக்குறைய 35 டாலரை இழக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்குப் பறந்து, பொங்கலையும் முடித்துவிட்டுத் திரும்பும் நம் வீடுகளில் இதை யாரும் நினைப்பதில்லை. போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தாத்தா பாட்டியோடு பொங்கல் கொண்டாடுவதும் படிப்புதான். வகுப்பில் வெற்றிடம் விழுந்தாலும் ஆசிரியர் சம்பளம், பேருந்து, விளக்கு எதுவும் குறையாது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேனோவில் அந்த வெற்றிடம் நிரந்தரமாகிவிட்டது. 2010-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 55,000 மாணவர்கள். இப்போது 50,000-க்கும் கீழே. நான்கு பள்ளிகளின் கதை முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊர் நிரம்பிவிட்டது, புதிய வீடு கட்ட இடமில்லை. முப்பது வருடத்துக்கு முன் பிள்ளைகளோடு வந்தவர்கள், பிள்ளைகள் படித்து வெளியூர் போன பின்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள். 65 வயது ஆனதும் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரி அத்தோடு உறைந்துவிடும், மேலே ஏறாது; அவர்கள் ஏன் விற்க வேண்டும்? இளம் தம்பதிகளோ இந்த விலைக்கு வாங்க முடியாமல் இன்னும் வடக்கே போகிறார்கள். பிறப்பு விகிதமும் சரிகிறது. அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் வீட்டிலேயே கற்பிப்பதும் தங்கள் பங்கை எடுக்கின்றன. எந்த வீட்டு விலையைக் காட்டி "நல்ல ஊர்" என்றோமோ, அதே விலைதான் பிள்ளைகளை வரவிடாமல் தடுத்துப் பள்ளியைக் காலியாக்குகிறது. பிளேனோ மட்டுமல்ல, அண்டையில் ரிச்சர்ட்சனும் லூயிஸ்வில்லும் தொடக்கப் பள்ளிகளை மூடத் தீர்மானித்தன. அதிவேகமாக வளர்ந்த ஃபிரிஸ்கோவிலேயே 2024 நவம்பரில் வரிவிகிதத்தைக் கூட்டவும் கடன் பத்திரம் வெளியிடவும் கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். டெக்சாஸ் வாக்குச் சீட்டில் பள்ளிக் கடன் பத்திரத்தின் கீழே 'இது ஒரு சொத்து வரி உயர்வு' என்று அச்சிட்டாக வேண்டும் என்ற 2019 சட்டமும் இப்படி மறுப்பதற்கு ஒரு கை கொடுக்கிறது.

பணக் கணக்கு போகட்டும், பள்ளிகள் எப்படி நடக்கின்றன? மாநிலக் கல்வி முகமை ஒவ்வொரு பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் ஏ முதல் எஃப் வரை மதிப்பெழுத்து போடுகிறது. வீடு விற்பவர்கள் காட்டுவதும் நாம் பார்ப்பதும் அந்த ஓர் எழுத்து. அதற்குள் மூன்று பிரிவுகள். பிள்ளைகள் தேர்வில் எடுத்தது ஒன்று. போன ஆண்டைவிட எவ்வளவு முன்னேறினார்கள், அதே அளவு வறுமையுள்ள மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார்கள் என்பது இரண்டு. பிள்ளைகளின் வெவ்வேறு பிரிவினருக்கு இடையே உள்ள இடைவெளி மூன்று. முதல் இரண்டில் எது உயர்வோ அதற்கு 70 சதவீதம், மூன்றாவதுக்கு 30. உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிக்கோ வேலைக்கோ ஆயத்தமானவர்களின் விகிதமும் சேரும். அதில் ஏ வாங்கத் தேவையான அளவை 60-லிருந்து 88-க்குத் திடீரென்று ஏற்றியதால் நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. 2023-இன் மதிப்பெழுத்துகள் 2025 ஏப்ரலில்தான் வெளியாயின. அதற்குள் தேர்வே மாறப்போகிறது: ஸ்டார் என்ற ஆண்டிறுதித் தேர்வுக்குப் பதிலாக 2027-28 முதல் ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகள்.

முதல் பிரிவை மட்டும் பார்த்தால், அந்தப் பள்ளியைச் சுற்றி யார் வீடு வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் தெரியும். பிளேனோவின் மேற்கில் மருத்துவர், மென்பொருளாளர் வீட்டுப் பிள்ளைகள். அதே மாவட்டத்தின் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள். இலவச, சலுகை மதிய உணவு வாங்கும் அந்தப் பிள்ளைகளில் அதிகம் பேர் படிப்பது கிழக்கே. ஒவ்வொரு செப்டம்பரிலும் நேஷனல் மெரிட் கல்வி உதவித்தொகைப் போட்டியின் அரையிறுதிப் பட்டியலில் பிளேனோப் பெயர்கள் வரிசையாக வரும். அதில் நம் பிள்ளைகளின் பெயர்கள் நிறைய. பெருமைப்பட வேண்டியதே. 9, 10-ஆம் வகுப்புகள் தனி வளாகங்களிலும், 11, 12-ஆம் வகுப்புகள் சீனியர் ஹை எனப்படும் மூன்று பெரிய வளாகங்களிலும் என்ற பிளேனோவின் தனி ஏற்பாடும் இதற்குத் துணை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் இருப்பதால், மற்ற ஊர்களில் ஆள் சேராத பாடங்களைக்கூட நடத்த முடிகிறது. ஆனால் ஒரு பள்ளியின் உழைப்பை அறிய வேண்டுமானால் இரண்டாவது பிரிவைப் பாருங்கள். பின்தங்கி வந்த பிள்ளையை ஓராண்டில் ஒன்றரை ஆண்டு தூரம் நகர்த்திய ஆசிரியை அங்கேதான் தெரிவார். எழுத்து பி-யாக இருந்தாலும்.

இந்த எழுத்துக்குப் பின்னால் அதிகாரமும் இருக்கிறது. ஹூஸ்டனில் ஒரு பள்ளி தொடர்ந்து தவறியதைக் காரணமாக்கி, 2023 ஜூனில் மாநிலம் அந்த மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் ஒதுக்கப்பட்டு, மைக் மைல்ஸ் என்பவர் சூப்பரின்டெண்டென்டாக மேலிருந்து நியமிக்கப்பட்டார். பிளேனோ அந்த நிலையில் இல்லை. இருந்தாலும் 'இண்டிபென்டென்ட்' என்ற பெயருக்கு எவ்வளவு பொருள் மிச்சம் என்பதை எல்லா வாரியங்களும் எண்ணிப் பார்க்க வைத்த நிகழ்ச்சி அது. இதோடு 2025 மேயில் கையெழுத்தான இன்னொரு சட்டம், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுக் கல்விக்கும் 100 கோடி டாலர் ஒதுக்கி, 2026-27 கல்வியாண்டு முதல் நடப்புக்கு வருகிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இருக்கை, ஒவ்வோர் இருக்கையும் ஒரு தொகை என்ற கணக்கில் ஓடும் மாவட்டத்துக்கு இது இன்னொரு கசிவு.

இனி நம் பக்கத்துச் சங்கதி. பிளேனோ, ஃபிரிஸ்கோ வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர் எச்-1பி விசாவில், கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள். வரி கட்டுகிறார்கள், பிள்ளைகள் அதே பள்ளிகளில் படிக்கிறார்கள், மே மாதத் தேர்தலில் வாக்கு மட்டும் இல்லை. அது குடிமக்களுக்கே. எல்லைக்கோடு மாறும்போதும் பள்ளி மூடும்போதும் நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்களுக்கு, ஏழு பேரில் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்க வழியில்லை. குடியுரிமை பெற்றவர்களோ பெரும்பாலோர் நவம்பரில் வாக்களித்துவிட்டு மே மாதத்தை மறந்துவிடுகிறார்கள். இந்த வாரியத் தேர்தல்களில் வாக்குப்பதிவு மிகச் சொற்பம். சில நூறு வாக்குகள் முடிவையே மாற்றிவிடக்கூடும்.

வாக்கு இல்லாதவருக்கும் வாய் உண்டு. டெக்சாஸின் திறந்த கூட்டச் சட்டப்படி வாரியம் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். அதிலுள்ள எந்தப் பொருளைப் பற்றியும் வாரியம் முடிவெடுப்பதற்கு முன் பொதுமக்களைப் பேச விட வேண்டும். குடியுரிமைச் சான்று யாரும் கேட்பதில்லை. பெயரைப் பதிவுசெய்துவிட்டுச் சில நிமிடம் பேசலாம். பள்ளி மூடுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு முன் பெற்றோர் குழுக்களும் கருத்துக் கூட்டங்களும் நடப்பது வழக்கம், அவற்றில் சேரலாம். பேசப் போகிறவர், எதை ஏழு பேரிடம் கேட்பது, எதை ஆஸ்டினிடம் கேட்பது என்று பிரித்துக்கொண்டு போனால் நேரம் வீணாகாது. எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தப் பேருந்து, கட்டடத்துக்கு எவ்வளவு கடன் என்பது வாரியத்திடம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, வருகையா பதிவேடா, வழிவதை என்ன செய்வது என்பது சட்டமன்ற உறுப்பினரிடம். சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாளில் கலைந்துவிடும், அடுத்தது 2027. பிளேனோ வாரியமோ ஜூனில் வரவுசெலவைப் போட்டு, கோடை முடிவில் வரிவிகிதத்தை நிர்ணயிக்கிறது. அந்தக் கூட்டத்தில் யாரும் பேசலாம்.